‘செட்’ என்ற ஒரு சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் மொழிபெயர்ப்பு வேலை, மாலையில் பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு. இந்த இரண்டிலும் என்னை அதிகம் தடுத்து நிறுத்திய சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: செட். எஸ், இ, டி என்று மூன்றே எழுத்து. தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் ஒரு வாக்கியத்தில் அது வந்து நின்றால், என்ன பொருளில் நிற்கிறது என்று நன்றாகப் படித்தவர்களே திணறுவார்கள். வகுப்பில் என்னிடம் கேட்ட கேள்விகளையும், போனில் தெரிந்தவர்கள் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

செட் என்ற சொல்லுக்கு உண்மையில் எத்தனை பொருள்?

1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், வினைச்சொல்லான செட்டுக்கு மட்டும் 430 பொருள்கள். அந்த ஒரு சொல்லின் விளக்கமே சுமார் 60,000 வார்த்தைகள் ஓடுகிறது, அதாவது ஒரு நாவல் அளவு. அந்தப் பதிப்பிலேயே மிக நீளமான பதிவு அதுதான். பிறகு அகராதியைத் திருத்தி எழுதத் தொடங்கியபோது முதலிடம் கை மாறியது. 2000-இல் ‘மேக்’, 2007-இல் ‘புட்’, 2011-இல் ‘ரன்’. ரன் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் எண்ணினார்கள்.

இந்த எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அன்றாடம் செய்தித்தாள் படிக்க, கடிதம் எழுத, அலுவலகத்தில் பேச இருபது முப்பது போதும். அந்த முப்பதும் இரண்டே வேரிலிருந்து கிளைத்தவை என்று தெரிந்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

அந்த இரண்டு வேர்கள் என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதில்தான் நிற்கிறது.

முதல் வேர் வினைச்சொல். பழைய ஆங்கிலத்தில் உட்காருவதற்கு ‘சிட்டன்’ என்று சொன்னார்கள். இன்றைய சிட் அதிலிருந்து வந்தது. ஒன்றை உட்கார வைப்பதற்கு ‘செட்டன்’. இன்றைய செட் அதுதான். தமிழ் படித்தவர்களுக்கு இது உடனே புரியும், நம்முடைய தன்வினை, பிறவினை மாதிரியேதான். அமர் என்றால் தானே அமர்வது, அமர்த்து என்றால் இன்னொன்றை அமரச் செய்வது. இரு, இருத்து. திருந்து, திருத்து. ஆங்கிலத்தில் இந்த வழக்கம் ஒருகாலத்தில் நன்றாக இருந்தது. இன்று சில ஜோடிகள்தான் மிச்சம்: ஃபால் என்றால் விழு, ஃபெல் என்றால் மரத்தை வெட்டி வீழ்த்து. சிட், செட் அந்த மிச்சங்களில் ஒன்று.

ஆக, செட் என்ற வினையின் அடிப்பொருள் ‘உட்கார வை’, ‘இருத்து’. விளக்கைப் படியில் வைப்பது, கடிகார முள்ளை ஓர் எண்ணில் நிறுத்துவது, கல்லை மோதிரத்தில் பதிப்பது, உடைந்த எலும்பைப் பழைய இடத்தில் பொருத்துவது, ஒரு தேதியைக் குறிப்பது எல்லாமே ஒன்றை அதற்குரிய இடத்தில் உட்கார வைக்கும் வேலைதான்.

ஒரு சின்ன விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. இந்த வேர் ஆங்கிலத்துக்கு மட்டும் சொந்தமானது இல்லை. சமஸ்கிருதத்தில் ‘சத்’ என்ற வேர் உட்காருவதைக் குறிக்கும், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. நமக்குப் பழகிய உபநிஷத்து, சதஸ், சதனம் எல்லாம் அந்தக் குடும்பம். ‘பையன் சிங்கப்பூரில் செட்டில் ஆகிட்டான்’ என்கிறோமே, அந்த செட்டிலும் இதே குடும்பம்தான். பழைய ஆங்கிலத்தில் ‘செட்ல்’ என்றால் இருக்கை.

இரண்டாம் வேர் பெயர்ச்சொல். தொகுதி, கூட்டம் என்ற பொருளில் வரும் செட். இது வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீனில் ‘செக்டா’ என்றால் ஒருவரைப் பின்பற்றிப் போகிறவர்கள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து செட் ஆனது. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்ற சொல்லும் அதே லத்தீன் சொல்தான். ஒலி ஒன்றாகிவிட்டதால், நாளடைவில் இரண்டு செட்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

ஒரு வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு ஆங்கில இலக்கணப் புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை. தொல்காப்பியத்திலேயே வழி இருக்கிறது. சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல் பற்றிப் பேசும் இடத்தில், அத்தகைய சொல்லின் பொருளை வினை, இனம், சார்பு மூன்றாலும் தெளியலாம் என்கிறார் தொல்காப்பியர். உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் ‘மா’. மா பூத்தது என்றால் மாமரம், வினை காட்டிக்கொடுத்தது. மாவும் மருதும் ஓங்கின என்றாலும் மரம்தான், பக்கத்தில் நிற்கிற இனம் காட்டிக்கொடுத்தது. கவசம் அணிந்து நிற்கிற வீரன் ‘மா கொண்டுவா’ என்றால் குதிரை, சூழல் காட்டிக்கொடுத்தது.

இதை அப்படியே செட்டுக்கு வைத்துப் பாருங்கள். சூரியன் எழுவாயாக வந்தால் மறைவது. சிமெண்ட் வந்தால் இறுகுவது. பின்னால் ‘ஃபயர்’ வந்தால் தீ வைப்பது, ‘சேல்’ வந்தால் கப்பல் புறப்படுவது. இனத்துக்கு ஓர் உதாரணம்: தோடு, நெக்லஸ், செட் என்று வரிசையாக வந்தால் நகைத் தொகுதி. சார்புக்கு: நீதிமன்றத் தாளில் வந்தால் ஒரு பொருள், மைதானத்தில் வந்தால் வேறு பொருள்.

என் வகுப்பில் அகராதியைத் திறக்கும் முன் இந்த மூன்றையும் கேட்டுக்கொள்ளச் சொல்வேன். பெரும்பாலும் அகராதியைத் திறக்கவே வேண்டியிருக்காது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பொருள் இருப்பது ஆங்கிலத்தின் குறைதானே?

குறை என்று சொல்ல மாட்டேன். நம் ‘அடி’யைப் பாருங்கள். பந்து அடிக்கிறோம், சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், வெயில் அடிக்கிறது, மணி அடிக்கிறது, பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள், லாட்டரி அடிக்கிறது, காற்று அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது. தமிழ் கற்க வரும் ஒருவருக்கு இதை விளக்க உட்கார்ந்தால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். பெயர்ச்சொல்லாக வந்தால் பாதம், செய்யுளின் வரி, பன்னிரண்டு அங்குலம், பாத்திரத்தின் கீழ்ப்பகுதி என்று அது தனிப் பட்டியல்.

எந்த மொழியிலும் சின்னதாக, பழையதாக, தினமும் வாயில் புழங்குகிற சொல்தான் இப்படிப் பெருகும். அது அந்தச் சொல் நன்றாக உழைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

செட்டின் இறந்தகாலம் என்ன? ‘செட்டட்’ என்று எழுதலாமா?

கூடாது. நிகழ்காலம், இறந்தகாலம், முடிவெச்சம் (‘ஹேவ்’, ‘ஹேஸ்’ பின்னால் வரும் வடிவம்) மூன்றுக்கும் செட்தான். புட், கட், ஹிட், ஷட் எல்லாம் இதே ரகம். பழைய காலத்தில் இறந்தகாலத்துக்குத் தனி விகுதி இருந்தது. சொல் ‘ட்’ என்று முடிவதால் அந்த விகுதி அதோடு ஒட்டிப் பேச்சில் கரைந்துவிட்டது.

காலத்தை எப்படி அறிவது? படர்க்கை ஒருமையில் ‘ஹி செட்ஸ்’ என்றால் நிகழ்காலம், ‘ஹி செட்’ என்று வெறுமனே நின்றால் இறந்தகாலம். ‘ஐ செட்’ என்று வந்தால் பக்கத்தில் நேற்று, தினமும் போன்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

அப்புறம், விருந்தினரை உட்காரச் சொல்லும்போது சிலர் ‘ப்ளீஸ் செட்’ என்கிறார்கள். உட்காருவது சிட். உட்கார வைப்பதுதான் செட்.

சூரியன் மறைவதற்கும் உட்காருவதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியை. பழைய ஆங்கிலத்தில் சூரியன் மறைவதை ‘செட்ல்கங்’ என்றார்கள். செட்ல் என்றால் இருக்கை, கங் என்றால் போதல். சூரியன் நாளெல்லாம் நடந்துவிட்டுத் தன் இருக்கைக்குப் போகிறது.

நான் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் சொன்னார்: “நாமும் பொழுது அடைஞ்சுதுன்னுதானே சொல்றோம். கோழி அடையிற மாதிரி.” எனக்கு அன்று வரை அது தோன்றியதே இல்லை. கிராமத்தில் கோழி கூட்டுக்குள் போய் உட்காருவதும் அடைவதுதான், பொழுது போய் மறைவதும் அடைவதுதான். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்க்காமலேயே சூரியனைக் கூட்டுக்கு அனுப்பியிருக்கின்றன. இதில் இன்னொன்றும் உண்டு. முட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும் அடைக்கோழியை ஆங்கிலத்தில் ‘செட்டிங் ஹென்’ என்று சொல்வார்கள்.

கொத்தனார் ‘செட் ஆயிடுச்சு’ என்கிறார், அம்மா தயிருக்கும் அதையே சொல்கிறார். இரண்டும் ஒன்றா?

ஆங்கிலத்தில் ஒன்றுதான். நீர்மமாகவோ குழைவாகவோ இருந்த பொருள் ஓரிடத்தில் அசையாமல் நின்றுவிடுவது. தமிழில் ஒன்றில்லை. சிமெண்ட் இறுகும், தயிர் உறையும் அல்லது தோயும், நெய்யும் உறையும், பாகு கெட்டிப்படும். ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கும்போது எல்லாவற்றையும் ‘செட் ஆச்சு’ என்று ஒரே பையில் போடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கட்டட வேலையில் இந்தச் சொல்லைத் துல்லியமாகப் புரிந்துகொள்வது அவசியம். சிமெண்டில் தண்ணீர் சேர்ந்த நேரத்திலிருந்து கணக்கு ஓடத் தொடங்குகிறது. இந்திய தர விதிப்படி சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டின் தொடக்க இறுக்கம் 30 நிமிடத்துக்கு முன் வந்துவிடக் கூடாது, இறுதி இறுக்கம் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. சோதனைக் கூடத்தில் இதை விக்காட் என்ற கருவியால் பார்ப்பார்கள். சிமெண்ட் குழம்பை ஒரு சின்ன அச்சில் நிரப்பி, மேலிருந்து மெல்லிய ஊசியை இறக்குவார்கள். முதலில் ஊசி அடி வரை வழுக்கிக்கொண்டு போகும். நேரம் ஆக ஆக, அடியைத் தொடாமல் சற்று மேலேயே நின்றுவிடும். அதுதான் தொடக்க இறுக்கம். சிமெண்ட் அரைக்கும்போது ஜிப்சம் சேர்ப்பதே, கலவை சட்டென்று இறுகிவிடாமல் வேலை செய்ய நேரம் கிடைக்கத்தான்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. இறுகுவது வேறு, வலுப்பெறுவது வேறு. மறுநாள் காலையில் கான்கிரீட் கல் மாதிரி இருக்கும், ஆனால் அதன் வலிமையை 28 நாள் கழித்துத்தான் சோதித்து மதிப்பிடுகிறார்கள். அதனால்தான் தண்ணீர் விட்டு நனைத்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். ‘செட் ஆயிடுச்சே, இன்னும் எதுக்குத் தண்ணி’ என்று யாராவது கேட்டால் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

இதே பொருள் மனிதர்களுக்கும் வரும். ‘செட் இன் ஹிஸ் வேஸ்’ என்றால் அவருடைய பழக்கவழக்கம் இறுகிப்போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்று அர்த்தம்.

தீர்ப்பில் ‘செட் அசைட்’ என்று இருக்கிறது. தனியே எடுத்து வைத்துவிட்டார்கள் என்று பொருளா?

இல்லை. இதை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். நிலத் தகராறு ஒன்றில் கீழ்நிலையில் அவருக்கு எதிராக உத்தரவு வந்து, மேல்முறையீடு செய்திருந்தார். ஒருநாள் மாலை நாலாக மடித்த தாளோடு வந்தார். மடிப்புக் கோடுகள் கிழியும் நிலையில் இருந்தன, அத்தனை முறை பிரித்துப் பார்த்திருக்கிறார். கடைசிப் பக்கத்தின் கடைசி வரிக்குக் கீழே பேனாவால் கோடு. பேத்தி படித்துச் சொன்னாளாம், உத்தரவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள் என்று. “ஏம்மா, எடுத்து வச்சுட்டாங்கன்னா இன்னும் எத்தனை வருஷம் ஆகும்?” என்று கேட்டார். பத்து நாளாக அந்தக் கவலையில் இருந்திருக்கிறார்.

அந்த வரி சொன்னது இதுதான்: எதிர்த்து முறையிடப்பட்ட உத்தரவு ரத்து செய்யப்படுகிறது, மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது. அவர் ஜெயித்திருந்தார். நான் சொன்னதும் சற்று நேரம் பேசவே இல்லை. தாளை வாங்கித் திரும்ப அதே மடிப்பில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பேத்தியைக் குறை சொல்ல முடியாது. பள்ளியில் படித்த பொருள் அதுதான். மாதம் ஆயிரம் ரூபாய் ‘செட் அசைட்’ செய்தேன் என்றால் ஒதுக்கி வைத்தேன் என்றுதான் அர்த்தம். நீதிமன்றத் தாளில் அது ரத்து. உத்தரவுக்கு இருந்த இடத்திலிருந்து அதைத் தூக்கி எறிந்தாகிவிட்டது. பக்கத்தில் ‘ரிமாண்டட்’ என்று இருந்தால், ரத்து செய்து மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள், வழக்கு இன்னும் முடியவில்லை. எப்படியும் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சட்டத்தில் ‘செட் ஆஃப்’ என்றும் வருகிறதே?

கழித்துக்கொள்வது, ஈடுகட்டுவது. ஒருவர் விசாரணைக் கைதியாக ஆறு மாதம் சிறையில் இருந்தார், பிறகு இரண்டு ஆண்டுத் தண்டனை வந்தது என்றால், அந்த ஆறு மாதத்தைத் தண்டனையில் கழிப்பதற்கு இந்தப் பெயர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 428-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 468-ஆம் பிரிவு. வருமான வரியில் ஒரு தொழிலின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிப்பதற்கும் இதே சொல்.

சட்டத்துக்கு வெளியே வந்தால் ‘செட் ஆஃப்’ என்பது ஊருக்குப் புறப்படுவது, பட்டாசு கொளுத்துவது.

‘செட்’டோடு ஒட்டி வருகிற மற்றவற்றையும் சொல்லுங்களேன்.

அதிகம் வருபவை மட்டும். ‘செட் அவுட்’ புறப்படுவது, ஒரு நோக்கத்தோடு தொடங்குவது. ‘செட் இன்’ வந்து பிடித்துக்கொள்வது. மழைக்கு இது மிகப் பொருத்தம், நாமும் மழை பிடித்துக்கொண்டது என்றுதானே சொல்கிறோம். நல்லது எதற்கும் இதை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை என்பதைக் கவனியுங்கள். குளிர், நோய், அழுகல், சோர்வு, இப்படி வந்தால் சீக்கிரம் போகாதவற்றுக்குத்தான் வரும். ‘செட் பேக்’ பின்னடைவு. வீடு கட்டும்போது எல்லையிலிருந்து விடவேண்டிய காலியிடமும் செட்பேக்தான். ‘செட் அப்’ நிறுவுவது, ஏற்பாடு செய்வது. ஒருவரைத் திட்டமிட்டு மாட்டிவிடுவதும் அதே சொல். நாயை ஒருவர் மேல் ‘செட்’ செய்தான் என்றால் ஏவிவிட்டான்.

நாம் தமிழில் சொல்கிற செட்டையெல்லாம் ஆங்கிலத்திலும் சொல்லலாமா?

சிலவற்றைச் சொல்லலாம், சிலவற்றைச் சொன்னால் புரியாது.

பாத்திர செட், நகை செட், டீ செட் எல்லாம் தொகுதிப் பொருள், சரியானவை. செட் தோசையும் அப்படித்தான். கெட்டியான மெத்தென்ற தோசை இரண்டு மூன்றாக ஒரே தட்டில் வருவதால் அந்தப் பெயர். மோட்டாரும் பம்பும் சேர்ந்தது பம்புசெட். திருவிழாவுக்குக் கட்டுகிற மைக் செட்டில் மைக், ஆம்ப்ளிஃபயர், குழாய் எல்லாம் அடக்கம், ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு வேறு பெயர் சொல்ல வேண்டும். பல் செட் ஆங்கிலத்தில் ‘டெஞ்சர்ஸ்’.

‘எனக்கு அந்த வேலை செட் ஆகாது’ என்பதுதான் பெரிய சிக்கல். இது முழுக்க நம் ஊர்ப் பொருள். ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு ‘சூட்’ என்ற சொல் வேண்டும். ஒரு மாணவர் வேலைக்கான நேர்காணலில், முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது ‘இட் டிட் நாட் செட் ஃபார் மீ’ என்று சொல்லியிருக்கிறார். எதிரில் இருந்தவருக்கு விளங்கவில்லை. நல்ல பதில், ஒரே ஒரு சொல்லால் வீணானது. அதேபோல ‘அவன் எங்க செட்டு’ என்று கூடப் படித்தவரைச் சொல்வோம். ஆங்கிலத்தில் ‘பேட்ச்மேட்’, ‘கிளாஸ்மேட்’ என்பதே சரி.

‘அது வெறும் செட்டப்’ என்றால் போலி ஏற்பாடு. இது ஆங்கிலத்திலும் ஓரளவு செல்லும். ஆனால் ஓர் ஆணுக்கு வெளியே உறவு இருப்பதைச் செட்டப் என்று சொல்வது தமிழ்நாட்டோடு சரி. அந்த இழிவான தொனி ஆங்கிலச் சொல்லில் கிடையாது. நம் வெளிநாட்டு உறவினர் ‘புது செட்டப் நல்லா இருக்கு’ என்று எழுதினால் அலுவலகத்தையோ வீட்டு ஏற்பாட்டையோதான் சொல்கிறார்.

செட் டாப் பாக்ஸில் இருக்கிற செட் எது?

டிவி செட். அந்த செட்டின் தலை மேல் வைக்கிற பெட்டி என்பதால் செட் டாப் பாக்ஸ். டிவி மரப்பெட்டி மாதிரி அகலமாக இருந்த காலத்துப் பெயர். இன்று டிவி சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மேலே வைக்க விரல் அகல இடம்கூட இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சிவகாசி பக்கம் எங்கு பார்த்தாலும் ‘ஆஃப்செட்’ அச்சகம் என்று இருக்கிறது. அது?

அச்சுத் தகட்டில் உள்ள மை நேராகக் காகிதத்துக்கு வராது. முதலில் ஒரு ரப்பர் உருளைக்கு இடம் மாறும், அங்கிருந்து காகிதத்துக்கு. மை ஒன்றிலிருந்து இன்னொன்றில் இறங்குவதுதான் ஆஃப்செட். அதற்கு முந்தைய காலத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தார்கள். அச்சுக் கோப்பது என்ற அந்த வேலைக்கு ஆங்கிலப் பெயர் டைப் செட்டிங். எழுத்தை இடம் பார்த்து உட்கார வைப்பது, முதல் வேருக்கே வந்துவிட்டோம்.

தச்சு வேலையில் ரம்பத்துக்கு ‘செட்’ பார்ப்பது என்றால் என்ன?

ரம்பத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பற்களின் வரிசையை ஒரு முனையிலிருந்து பாருங்கள். ஒரு பல் சற்று இடது பக்கம், அடுத்தது சற்று வலது பக்கம் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வுதான் செட். இதனால் வெட்டுகிற தடம் ரம்பத் தகட்டைவிடக் கொஞ்சம் அகலமாகும், தகடு மரத்துக்குள் சிக்காமல் போய்வரும். சாய்வு தேய்ந்துபோனால் பல் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் ரம்பம் இறுகி நின்றுவிடும். ஈர மரத்துக்குச் சாய்வு அதிகம் வேண்டும்.

கணக்கில் வரும் செட்?

தமிழ்நாட்டுப் பாடநூலில் கணம், இலங்கையில் தொடை. 1870-களில் கியோர்க் கேன்டர் என்ற ஜெர்மன் கணித அறிஞர் வளர்த்தெடுத்த துறை. 1874-இல் வந்த அவருடைய கட்டுரையைத்தான் தொடக்கம் என்பார்கள்.

வீட்டுச் செட்டுக்கும் கணக்குச் செட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, பிள்ளைகள் இடறுவது அங்கேதான். ஒரே மாதிரி ஆறு டம்ளர் வாங்கினால் அது ஒரு செட். கணத்தில் ஒரே உறுப்பு இரண்டு முறை வந்தால் ஒன்றாகத்தான் கணக்கு. 2, 2, 3 என்று எழுதினாலும் 2, 3 என்று எழுதினாலும் அதே கணம். வரிசையும் முக்கியமில்லை.

ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கிற இரண்டு முக்கோணங்களுக்கு ‘செட் ஸ்கொயர்’ என்று பெயர், தமிழில் மூலைமட்டம். அதற்கும் கணத்துக்கும் தொடர்பில்லை.

விளையாட்டில்?

டென்னிஸில் ஆறு கேம் எடுத்து, குறைந்தது இரண்டு கேம் முன்னால் இருந்தால் ஒரு செட். ஆறுக்கு ஆறு என்று வந்தால் டை பிரேக். கைப்பந்தில் ஒரு செட் 25 புள்ளி, ஐந்தாவது செட் மட்டும் 15. அதே கைப்பந்தில் அடிப்பவருக்கு வாகாகப் பந்தை மேலே தூக்கிக் கொடுப்பதும் செட், அவர் செட்டர். ஒரே மைதானத்தில் இரண்டு வேர்களும் நிற்கின்றன. முன்னது தொகுதி, பின்னது இடம் பார்த்து வைப்பது.

ஓட்டப்பந்தயத்தில் 400 மீட்டர் வரை ‘ஆன் யுவர் மார்க்ஸ்’ சொன்ன பிறகு ‘செட்’ என்று ஒரு கட்டளை வரும். ஓடுபவர் இடுப்பை உயர்த்தி அசையாமல் நிற்க வேண்டும். அதற்கு மேற்பட்ட தூரங்களுக்கு அந்தக் கட்டளை கிடையாது, நேரே துப்பாக்கிதான். ‘ஆல் செட்’ என்று பேச்சில் சொல்கிறார்களே, எல்லாம் தயார் என்று, அதுவும் இந்தப் பொருள்தான்.

மொழிபெயர்க்கும்போது ‘செட் பண்ணு’ என்று எழுதினால் என்ன தவறு?

பேச்சில் சொன்னால் யாரும் தடுக்கப்போவதில்லை, நானும் சொல்கிறேன். எழுதும்போது மட்டும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நம்மிடம் இருப்பது என்னென்ன: அலாரம் வைக்கலாம், தேதி குறிக்கலாம், விலை நிர்ணயிக்கலாம், நிபந்தனை போடலாம், பொறி வைக்கலாம், கல் பதிக்கலாம், பாட்டுக்கு மெட்டமைக்கலாம், கேள்வித்தாள் எடுக்கலாம், சாப்பாட்டுக்கு இலை போடலாம், கதையை மதுரையில் நடக்க விடலாம். இதில் ‘வை’ மட்டுமே செட்டின் பாதி வேலையைச் செய்துவிடும். தீ வை, கண்ணி வை, பரீட்சை வை, சிலை வை. ஆங்கிலத்தில் இந்த நான்கில் கடைசிக்கு மட்டும் செட் வராது, முதல் மூன்றுக்கும் அப்படியே பொருந்தும்.

ஒரு செயலியைத் தமிழாக்கும் வேலையில் ‘செட்’ என்ற பொத்தானுக்கு ‘அமை’ என்று எல்லா இடத்திலும் போட்டிருந்ததைப் பார்த்தேன். அமைப்புகள் பக்கத்தில் அது சரி. நேரத்துக்கு ‘வை’யும், இடத்துக்கு ‘குறி’யும், பழைய நிலைக்குக் கொண்டுபோகிற பொத்தானுக்கு ‘மீட்டமை’யும் இட்ட பிறகுதான் அந்தத் திரை தமிழ் பேசுவது போல் இருந்தது.

பயிற்சிக்கு ஏதாவது கொடுக்க முடியுமா?

வகுப்பில் நான் கொடுக்கும் பத்தி ஒன்று. ஆங்கிலத்தில் அதில் ஏழு முறை செட் வருகிறது. சூரியன் செட் ஆனது, அம்மா விளக்கைப் படியில் செட் செய்தாள், பாலைத் தயிராக செட் ஆக விட்டாள், காலை ஐந்துக்கு அலாரம் செட் செய்தாள், சாப்பாட்டு மேசையை செட் செய்தாள், புது டம்ளர் செட்டை எடுத்தாள், அதற்குள் மழை செட் இன் ஆனது. ஏழுக்கும் ஏழு விதமாக எழுத வேண்டும், செட் என்ற சொல் ஓரிடத்திலும் வரக் கூடாது.

போன மாதம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா எழுதிக் கொடுத்தது இது:

“பொழுது அடைஞ்சது. அம்மா விளக்கை வாசற்படியில் வைத்தாள். பாலுக்கு உறை ஊற்றி மூடினாள். விடிகாலை அஞ்சு மணிக்கு அலாரம் திருப்பினாள். எல்லோருக்கும் இலை போட்டாள். அன்றைக்கு வாங்கின ஆறு டம்ளரையும் எடுத்துக் கழுவினாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.”